மூணு இருந்தால் பரவாயில்லை

வேடியப்பனின் வாயிலிருந்து அந்தச் சொல் வெளியே வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கெட்ட வார்த்தையாக இருக்குமோ என்று நினைக்க வேண்டாம். கெட்ட வார்த்தைகள் அவருக்குத் தங்குதடையில்லாமல் வரும். ஆயுசில் பாதியை அரசு பஸ் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கழித்தவர். அவர் பல்லைக் கடித்து உள்ளேயே நிறுத்தி வைத்திருந்த சொல், ‘பரவாயில்லை’.

அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளை ஓட்டிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். காலை மிதித்தவன் ‘சாரி’ என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். காபியில் சர்க்கரை கம்மியா என்று கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்றாலும் அதுதான். தேறவில்லை, உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றாலும் அதேதான். வேடியப்பன் ‘இருக்கட்டும்’ என்றார், ‘அதனால இன்னா’ என்றார், ‘வுடு வுடு’ என்றார், எதுவும் பொருந்தாத இடத்தில் இருமினார்.

எல்லாம் ஒரு வேண்டுதலால் வந்த வினை.

போன வருஷம் அவருடைய இடது முட்டி அவரைப் படுத்தாத பாடு இல்லை. கிளட்ச் மிதித்த கால். ரிட்டையர் ஆகும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஆன மறுவருஷமே தன் குணத்தைக் காட்டிவிட்டது. மாடிப்படி போயிற்று, சம்மணம் போயிற்று, ஒரு நாள் கக்கூஸில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டார். மனைவி சந்திரம்மாள் கதவை நெம்பித் திறந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். ஜவ்வாது மலை வளைவுகளில் பஸ் நிறைய ஜனத்தை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஸ்டீயரிங் சுற்றிய மனுஷன் அன்றைக்கு அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு அவள்மேல் பெரிய நன்றி இருந்தது. அதை அவளிடம் சொன்னதில்லை.

ஆபரேஷனுக்கு இன்னும் வேளை வரவில்லை, பயிற்சி பண்ணிப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அந்த வாரமே புருஷனும் பெண்டாட்டியும் அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். உள்ளே அத்தனை தூரம் நடக்க முடியாது என்பதால் வெளியிலிருந்தே கும்பிடு. சந்திரம்மாள் கற்பூரம் ஏற்றினாள். வேடியப்பன் சாமிக்கும் பெண்டாட்டிக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“அண்ணாமலையாரே, முழுசா போக்குன்னு பேராசையா கேக்கல. இந்த வலி பரவாயில்லன்னு என் வாயால சொல்ற அளவுக்குக் கம்மி பண்ணு, போதும். சொன்னா, அடுத்த பௌர்ணமிக்கே இவளையும் இட்டுகினு கால்நடையா மலை சுத்தி வரேன்.”

‘இவளையும் இட்டுகினு’ என்ற இடத்தில் சந்திரம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பௌர்ணமிக்கு உலகமே மலை சுற்றத் திருவண்ணாமலைக்கு வருகிறது. அந்த உலகத்தை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தவர் வேடியப்பன். பௌர்ணமி என்றால் ஸ்பெஷல் பஸ், ஸ்பெஷல் பஸ் என்றால் லீவு கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து சந்திரம்மாள் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளோடும் அவள் புருஷனோடும்தான் மலை சுற்றினாள். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பார்கள், அவளும் “அவருக்கு டூட்டி, அவருக்கு டூட்டி” என்று சொல்லிக்கொண்டே பதினாலு கிலோமீட்டரையும் நடந்து முடிப்பாள்.

ஒரு தடவை, கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து வந்த ஸ்பெஷல் பஸ்ஸில் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு ஆசையாகக் கையாட்டினாள். அவர் ஹாரனை ஒரே அமுக்காக அமுக்கி, “ஏம்மா, கண்ணு தெரியல? ஓரம் போ!” என்று கத்திவிட்டுப் போய்விட்டார். கத்தியது யாரைப் பார்த்து என்பது, விடிந்து வீட்டுக்கு வந்து தட்டை எடுத்து வைத்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைக்கவில்லை.

வேண்டுதலைக் கேட்ட அண்ணாமலையார் அனுப்பிவைத்த ஆளோ என்னவோ, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிசியோதெரபி கிளினிக்கில் தேவிப்ரியா என்ற பெண் கிடைத்தாள். சிரித்த முகம், இரும்புக் கை. முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“வலியே இல்லன்னா சைபர், தாங்கவே முடியலன்னா பத்து. உங்களுக்கு எவ்ளோப்பா?”

“எட்டு.”

“இது தேய்மானம். சைபர் ஆக்கிடறேன்னு பொய் சொல்ல மாட்டேன். எவ்ளோ இருந்தா உங்களுக்குப் பரவாயில்ல?”

வேடியப்பன் அசந்துபோனார். வலியை எவ்வளவு வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கண்ணை மூடி யோசித்தார். ஐந்து என்றால் கருப்பன் டீக்கடைக்குப் போக ஒருத்தர் கைபிடித்து வர வேண்டும். நாலு என்றால் போகலாம், திரும்பி வரத் தெம்பிருக்காது. மூணு என்றால் தனியாகப் போய், ரெண்டு டீ குடித்து, ஊர்வம்பு பேசி, தனியாகத் திரும்பலாம். அதற்குக் கீழே ஆபத்து. ரெண்டு என்று தெரிந்தால் சந்திரம்மாள் மொட்டைமாடியில் வடகத்துக்குக் காக்கா ஓட்ட அனுப்புவாள். ஒன்று என்றால் ரேஷன் கடை வரிசை. சைபர் என்று வெளியில் தெரிந்ததோ, கீழ்பென்னாத்தூரில் மச்சான் சக்திவேல் கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்க ஆள் பற்றவில்லை என்று போன் போட்டுவிடுவான்.

“மூணு,” என்றார்.

“சரி, மூணு. புடிச்சிடலாம்.”

ஒத்தடம், காலில் மணல் மூட்டை கட்டித் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது என்று மாதக்கணக்கில் ஓடியது. செய்யாமல் ஏமாற்றலாம் என்றால் சந்திரம்மாள் எதிரில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசி புடைத்தபடியே எண்ணினாள். எட்டு ஏழாயிற்று, ஏழு மெல்ல மெல்ல இறங்கிற்று. ஒரு நாள் காலையில் கருப்பன் கடைக்குத் தனியாகப் போய், ரெண்டு டீ குடித்து, வம்பு பேசி, தனியாகத் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வேடியப்பனுக்கு உறைத்தது. மூணு வந்துவிட்டது.

சந்தோஷம் வந்தது. அதன் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டே பயமும் வந்தது. இந்த மூணு சும்மா வந்த மூணா? பதினாலு கிலோமீட்டர் நடந்து, முட்டி மறுபடியும் எட்டுக்கு ஏறிக்கொண்டால்? மறுபடியும் கக்கூஸ் கதவை நெம்ப வேண்டுமா? வலி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்ட மனுஷனுக்குப் பயம் என்று பெண்டாட்டியிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் வேண்டுதலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு சந்து கிடைத்தது. ‘என் வாயால சொல்ற அளவுக்கு’ என்றுதானே வேண்டியது? வாய் சொல்லாதவரைக்கும் வேண்டுதல் பாக்கி இல்லை.

சந்திரம்மாளுக்கு ரெண்டே நாளில் விஷயம் புரிந்துவிட்டது.

“முட்டி எப்பிடிக் கீது?”

“கீது.”

“கீதுன்னா?”

“இருந்த எடத்துலயே கீது.”

மறுநாள் சாம்பாரில் உப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டாள். “ஏங்க, உப்பு ஜாஸ்தியாயிடுச்சா?” என்று கேட்ட குரலில் அத்தனை கனிவு. கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிக் கேட்டதில்லை என்பதால் வேடியப்பன் உஷாரானார். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “வெயிலுக்கு உப்பு நல்லது,” என்றார். அதற்கடுத்த நாள் வேட்டியைச் சுண்ணாம்புக் கறையோடு மடித்து வைத்தாள். “டிசைன் நல்லாக் கீது,” என்றார்.

செய்தி டீக்கடைக்கும் போய்விட்டது. கருப்பன் வேண்டுமென்றே அவர் மடியில் டீயைச் சிந்திவிட்டு, “ஐயையோ, சாரி டிரைவரண்ணே!” என்றான். கடையில் இருந்த அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“இந்தப் பக்கமும் கொஞ்சம் ஊத்து,” என்றார் வேடியப்பன். “ரெண்டும் ஒரே கலரா இருக்கட்டும்.”

“ஏண்ணே, வேண்டுதலு முட்டிக்குத்தானே? டீக்குச் சொன்னா சாமிக்குத் தெரியாதா?”

“மேல இருக்கறவருக்குத் தெரியும்டா. வூட்ல இருக்கறவளுக்குத் தெரியாது.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி விட்டாலும் பூசாரி விடுவதாக இல்லை.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது சந்திரம்மாளும் கூடவே உள்ளே வந்து, அவர் தப்பிக்க வழியில்லாமல் வாசற்பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

“இப்ப எவ்ளோப்பா?” என்றாள் தேவிப்ரியா.

பொய் சொல்லலாம். ஆனால் அந்தப் பெண் பட்ட பாட்டைப் பொய்யாக்க அவருக்கு மனசு வரவில்லை. “மூணு.”

“சூப்பர்! மூணு இருந்தா பரவாயில்லன்னுதானே சொன்னீங்க?”

சந்திரம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

“அது நீ சொன்ன வார்த்தைம்மா. நான் மூணுன்னு மட்டும்தான் சொன்னேன்.”

“சரி, இப்ப சொல்லுங்க. இந்த வலியோட இருந்துக்கலாமா?”

“முடியாது. ரெண்டாவணும்.”

“மாத்திட்டீங்களேப்பா!”

“எட்டுல நின்னு பாக்கறப்ப மூணு மாளிகையாட்டம் தெரிஞ்சுது. இப்ப அதுலயே குடிவந்துட்டேன். உள்ள வந்து பாத்தாத்தானே எங்க எங்க ஒழுகுதுன்னு தெரியுது?”

தேவிப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள். சந்திரம்மாள் சிரிக்கவில்லை. கோபுரத்து வாசலில் ஆரம்பித்து உப்புச் சாம்பார் வரைக்கும் ஒன்றுவிடாமல் அந்தப் பெண்ணிடம் கொட்டித் தீர்த்தாள். “ஊரை ஏமாத்தலாம், என்னை ஏமாத்தலாம், சாமியை ஏமாத்தலாமா? நீயே கேளும்மா.”

தேவிப்ரியா வேடியப்பன் பக்கம் திரும்பினாள். “நடக்கலாம்ப்பா. ஒரே மூச்சா வேணாம், உக்காந்து உக்காந்து போங்க. செருப்பு போட்டுக்குங்க. வலி ஏறத்தான் செய்யும். ரெண்டு மூணு நாள்ல இறங்கிடும். ஏறுச்சுன்னா முட்டி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல.”

“ஏறுனது இறங்கலன்னா?”

அதைக் கேட்ட குரல் டிரைவர் வேடியப்பனுடைய குரலே இல்லை. கக்கூஸ் கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு நாள் ‘சந்திரா’ என்று கூப்பிட்டதே, அந்தக் குரல். அவர் சட்டென்று இருமி மறைத்தார். ஆனால் சந்திரம்மாள் காதில் விழுந்துவிட்டது. இந்த மனுஷன் சோம்பேறித்தனத்தில் வக்கீல் பேச்சுப் பேசுகிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பயந்து போயிருக்கிறார் என்று தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. வேட்டி வெள்ளையாக வந்தது. முட்டி எப்படி என்று கேட்பதும் நின்றுபோயிற்று. சண்டை போடுகிற பெண்டாட்டியைச் சமாளிக்கத் தெரிந்த வேடியப்பனுக்குச் சண்டையை நிறுத்திவிட்டவளை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர்கள் குடியிருந்த சந்து திருவூடல் தெருவுக்குப் பக்கத்தில். வருஷா வருஷம் தை மாதத்தில் சாமியும் அம்மனும் கோபித்துக்கொண்டு பிரிவது அந்தத் தெருவில்தான். சாமி தனியாகவே மலை சுற்றப் போய்விடுவார், மறுநாள் சமாதானம் ஆகிவிடும். சாமிகளே ஒரு நாளைக்கு மேல் தாங்குவதில்லை. இங்கேயோ பௌர்ணமி வரைக்கும் இழுத்தது.

பௌர்ணமி அன்று மத்தியானம் சந்திரம்மாள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, தோளில் பையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பி நின்றாள். கிளம்பியவள் திரும்பி வந்து, கட்டிலில் காலை நீட்டியிருந்தவர் முட்டியில் வெந்நீர்ப் பையை வைத்தாள்.

“ஏங்க, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. காலையில கோபுரத்துக்கு முன்னாடி போயி சொல்லிட்டு வந்துட்டேன். அவரு வேண்டுதலை நான் ஏத்துக்கறேன், அவருக்கும் சேத்து நானே நடந்துடறேன், அவரை வுட்டுடுன்னு. இத்தினி நாளா உங்களைப் போட்டு இம்சை பண்ணிட்டேன். சோத்துல உப்பைக் கொட்டுனேன். தப்புதான். மனசுல வெச்சுக்காதீங்க.”

“அட, பரவாயில்ல,” என்றார் வேடியப்பன்.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது. சமையற்கட்டிலிருந்து டீக்கடை வரைக்கும் பூட்டி வைத்திருந்த சொல், மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லப்போய் வெளியே ஓடிவந்துவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். ஒரு மாதமாக அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவள், அது கையில் வந்து விழுந்ததும் பாட்டில் மூடியைத் திருகி இறுக்கினாள்.

“இன்னா சொன்னீங்க? வெளிய ஒரே சத்தம், எனக்கு ஒண்ணும் கேக்கல,” என்றாள்.

வெளியே சத்தமே இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பச்சையம்மாள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தன் வீட்டிலிருந்தே சொல்கிற காது அது.

அவள் வாசற்படி தாண்டப்போகும்போது வேடியப்பன் கேட்டார்: “வழியில கேக்கறவங்களுக்கு இன்னா சொல்லுவ?”

“அவருக்கு முட்டின்னு சொல்லுவேன்.”

“அப்ப டூட்டி, இப்ப முட்டியா?”

“எனக்குப் பழக்கந்தான், வுடுங்க.”

“சந்திரா,” என்றார். வெந்நீர்ப் பையை எடுத்து ஓரமாக வைத்தார். “என் செருப்பையும் எடு. பரவாயில்லன்னு சொன்னேன். உப்புக்கு இல்ல. முட்டிக்கு.”

சந்திரம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு அவளே அவருக்காக ஒரு சந்து தேடிப் பார்த்தாள். “சொன்ன அடுத்த பௌர்ணமின்னுதானே வேண்டிக்கினீங்க? இன்னும் ஒரு மாசம் டைம் கீதுங்க.”

“பௌர்ணமி சாயங்காலந்தான் பொறக்குது. இன்னும் பொறக்கல. அப்ப இதான் அடுத்த பௌர்ணமி.”

இத்தனை நாளும் தப்பிக்க வழி தேடிய வக்கீல் மூளை, முதல் தடவையாக அவருக்கு எதிராகவே வாதாடி ஜெயித்தது. செருப்பு விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கால்நடையாக என்றுதான் சாமியிடம் சொன்னேனே தவிர வெறுங்காலோடு என்று சொல்லவில்லை என்று சாதித்துவிட்டார்.

பச்சையம்மாளும் புருஷனும் முன்னால் போய் மறைந்தார்கள். இவர்கள் ஊர்ந்தார்கள். அக்கினி லிங்கத்தில் உட்கார்ந்தார்கள், ரமணாசிரமத்துக்கு எதிரில் டீ குடிக்கிற சாக்கில் உட்கார்ந்தார்கள், எமலிங்கம் வந்ததும் வேடியப்பன் கல்பெஞ்சில் பொத்தென்று சாய்ந்தார். “கடைசியில எமன் வாசலுக்கே கூட்டியாந்து வுட்டுட்ட,” என்றார். சந்திரம்மாள் அவர் முட்டியில் கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

“எத்தினி?”

“ஆறு.”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. “ஆட்டோ புடிச்சிடலாங்க. சாமிகிட்ட நான் பேசிக்கறேன். மூணு இருந்தாத்தானே பரவாயில்லன்னீங்க?”

“அது வூட்ல உக்காந்துகினு சொன்னது,” என்று வேடியப்பன் எழுந்தார். எழும்போது முட்டி கடக்கென்றது. அவள் அக்குளில் கை கொடுத்தாள். ஊரே பார்க்கிற ரோட்டில் அவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

நாலடி வைத்திருப்பார்கள். அன்னதானத்துக்குச் சாப்பாடு ஏற்றி வந்த வேன் ஒன்று பின்னால் வந்து ஹாரனை ஒரே அமுக்காக அமுக்கியது. “யோவ் பெருசு, கண்ணு தெரியல? ஓரம் போ!”

வேடியப்பன் திரும்பினார். சர்வீஸில் சேர்த்து வைத்த அத்தனை வார்த்தைகளும் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. சந்திரம்மாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து, தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வுடுங்க, பரவாயில்ல,” என்றாள். “பௌர்ணமி டூட்டி. அவன் பொண்டாட்டி எந்தப் பக்கம் தனியா நடந்துகினு கீறாளோ.”

வேடியப்பன் வாயைத் திறக்காமல் ஓரம் போனார்.